மீகமுவக்காரி

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் சைக்கோலஜி படிக்கிற பெண்ணுக்கு இரண்டு வகையான ஆட்களால் தொல்லை. "அப்ப என்ட மனசுல இப்ப என்ன இருக்கு, சொல்லு பாப்பம்" என்று கேட்கிறவர்கள் ஒரு வகை. "படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறவர்கள் மற்ற வகை. முதல் வகையைச் சிரித்துச் சமாளித்துவிடலாம். இரண்டாம் வகையில் ஜெனிட்டாவின் அப்பாவே இருந்தார்.

ஒஸ்வால்ட் பெர்னாண்டோ துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஏதாவது பெரிய கம்பனியில் எச்.ஆர். பகுதிக்குப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. "ஏ.சி. ரூம், வெள்ளை ப்ளவுஸ், அஞ்சு மணிக்கு வீடு. அத விட்டுட்டு விசர் ஆக்களோட ஏன் மகள் மாரடிக்கணும்?" என்பார். ஜெனிட்டாவோ மருத்துவ உளவியல் மேற்படிப்பு என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்கு இடம் கொஞ்சம், வரிசை பெரிது. மூன்றாம் வருடப் பயிற்சியில் ஒரு மனநல வைத்தியர் நல்லபடியாக நாலு வரி சிபாரிசு எழுதித் தந்தால்தான் அந்த வாசலையே மிதிக்கலாம். அது இல்லாவிட்டால் வெள்ளை ப்ளவுஸ்தான்.

அந்த நாலு வரியும் டொக்டர் ஹேமமாலியின் கையில் இருந்தது. கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அவருடைய கிளினிக், மாடியில் சின்னதாக ஒரு வார்டும் உண்டு. கெட்டிக்காரர், நேர்மையானவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். பயிற்சிக்கு வருகிற மாணவிகளுக்கு அவர் முதல் நாளே சொல்கிற சட்டம் இது: "மூலையில் உள்ள நாற்காலியில் இரு. பார். கேள். பேசாதே. நோயாளியைப் பொறுத்தவரை நீ அந்த நாற்காலியின் ஐந்தாவது கால்."

சட்டம் சும்மா பேச்சுக்கு இல்லை. போன தவணையில் மாளிகாவத்தைப் பெண் பர்ஹா, வகுப்பிலேயே முதல் ஆள், அழுத நோயாளி ஒருவரின் கையைப் பிடித்து "அழாதீங்க, எல்லாம் சரியாகும்" என்று சொல்லிவிட்டாள். அன்று மத்தியானத்தோடு அவளுடைய பயிற்சி முடிந்தது. இப்போது நுகேகொடையில் ஒரு கம்பனியில் ஆட்களை இன்டர்வியூ எடுக்கிறாள். ஏ.சி. ரூம்தான்.

ஜெனிட்டாவுக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை. வாயை மூடிக்கொண்டு இருக்க அவளை யாரும் பழக்க வேண்டியதில்லை, அவளுடைய அம்மா எப்போதோ பழக்கிவிட்டிருந்தாள்.

பெர்னாண்டோ என்கிற பேர் சிங்களவரிலும் உண்டு, தமிழ்க் கத்தோலிக்கரிலும் உண்டு. அம்மாவின் தகப்பனும் ஒரு பெர்னாண்டோதான். எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டுக் கதவைத் தட்டியவர்களிடம் அந்தப் பேரைச் சொல்லி, நல்ல சிங்களத்தில் நாலு வார்த்தை பேசித்தான் அவர் குடும்பத்தைக் காப்பாற்றினார். அப்போது கட்டிலுக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த சின்னப்பெண்தான் அம்மா. "பேர் காப்பாத்தும், நாக்குத்தான் காட்டிக் குடுக்கும்" என்பது அவள் வாழ்க்கையில் படித்த ஒரே பாடம். அதனால் அந்த வீட்டில் தமிழ் என்பது சமையலறைக்கும் செபத்துக்கும் உரியது. படி இறங்கினால் சிங்களம், பஸ்ஸில் ஏறினால் சிங்களம். முன்பின் தெரியாதவர் ஊர் எது என்று கேட்டால், கொட்டாஞ்சேனை என்று சொல்லக் கூடாது. அங்கே தமிழர் அதிகம் என்பது ஊருக்கே தெரியும். நீர்கொழும்பு என்று சொல்ல வேண்டும், அதுவும் சிங்களத்தில், 'மீகமுவ' என்று. நாடு எவ்வளவோ மாறிவிட்டது. அம்மாவின் பாடம் மாறவில்லை. ஜெனிட்டாவுக்கும் அது பல் தீட்டுகிற மாதிரிப் பழகிப்போயிற்று. கிளினிக்கிலும் அவள் சிங்களத்தில்தான் பேசினாள். தமிழ் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளவத்தையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். ஜெனிட்டா பெயர் பதிகிற மேசையருகே நின்றபோது கணவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய சென்ட் வாசனை. பேர் ஜனா, கப்பல் கம்பனி ஒன்றில் உத்தியோகம். அவன் கண் அவளுடைய சட்டையில் குத்தியிருந்த பேர் அட்டையில் விழுந்தது.

"பெர்னாண்டோ. தங்கச்சிக்கு எந்த ஊர்?" என்று சிங்களத்தில் கேட்டான். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவனுடைய தண்ணீர் பட்ட பாடான சிங்களம்.

"மீகமுவ" என்றாள் ஜெனிட்டா.

அவன் திருப்தியாகத் தலையாட்டினான். பக்கத்தில் இருந்த மனைவியைக் காட்டி, "பாவம், ஆள் சரியில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தேன். சிங்களம் ஒரு சொல் தெரியாது" என்றான்.

மனைவியின் பேர் ரூபிகா. தலை ஒழுங்காக வாரி, சேலை ஒழுங்காக உடுத்தி, மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தாள். கண் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அங்கே ஓடியது.

தமிழ் தெரிந்த தாதி அன்று லீவு. அப்படியான நாட்களில் கூட வந்தவரே மொழிபெயர்ப்பது அங்கே வழக்கம். அவசரமான ஊரில் அதற்கு மேல் யார் மெனக்கெடுகிறார்கள்? டொக்டர் ரூபிகாவிடம் ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தார். "ஸ்மோல்" என்று அவள் விரலால் கொஞ்சம் காட்டினாள். "நான் சொல்கிறேன் டொக்டர்" என்று ஜனா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டான். ஜெனிட்டா மூலையில் போய் ஐந்தாவது காலாக அமர்ந்தாள்.

"என்ன பிரச்சினை என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்" என்றார் டொக்டர்.

ஜனா மனைவி பக்கம் திரும்பினான். "என்ன நடந்தது எண்டு சொல்லட்டாம்."

ரூபிகா டொக்டரைப் பார்த்தபடியே பேசினாள். குரல் நடுங்கியதே தவிர பேச்சு தெளிவாக இருந்தது. "இவர் வேலைக்குப் போகேக்க என்னைப் பூட்டிப்போட்டுத்தான் போறவர். போனையும் பறிச்சு வச்சிருக்கிறார். போன கிழமை பல்கனியில நிண்டு, ஆராவது கதவைத் திறந்து விடுங்கோ எண்டு கத்தினனான். சனம் கூடிட்டுது. அதுக்குப் பிறகு பிள்ளை ஆகிலையும் தன்ரை தாய் வீட்டில கொண்டுபோய் விட்டிட்டார். எனக்கு விசர் இல்லை டொக்டர்."

ஜனா பொறுமையாகக் கேட்டான். பெருமூச்சு விட்டான். பிறகு சிங்களத்தில் சொன்னான்: "மேல் மாடியில் ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்களாம் டொக்டர். பல்கனியிலிருந்து குதி என்று சொல்கிறார்களாம். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு குதி என்று. போன கிழமை அங்கே நின்று கத்தினாள். அயலவர்கள் ஓடி வந்ததால் தப்பியது."

ஜெனிட்டாவுக்கு முதலில் தன் காதிலேயே சந்தேகம் வந்தது.

படித்த பெண் அல்லவா, உடனே படிப்பு குறுக்கே வந்தது. கணவன் பூட்டி வைக்கிறான், போனைப் பறிக்கிறான் என்று நோயிலும் சொல்வார்கள். எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் அது நோயாக இருக்கலாம். ஒரு வேளை வீட்டில் நடந்ததை எல்லாம் சேர்த்துச் சுருக்கிச் சொல்கிறானோ? இப்படி அவள் தனக்குத்தானே நியாயம் தேடிக்கொண்டிருக்கும்போது டொக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"எவ்வளவு காலமாக இந்தக் குரல்கள் கேட்கின்றன?"

ஜனா தமிழில் கேட்டான்: "எவ்வளவு காலமா உனக்கு நித்திரை இல்லை எண்டு கேக்கிறா."

"மூண்டு மாசமா" என்றாள் ரூபிகா. மூன்று விரலையும் டொக்டருக்குக் காட்டினாள்.

"மூன்று மாதமாகக் கேட்கிறதாம்."

டொக்டர் மூன்று விரலையும் தன் கண்ணால் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ஜெனிட்டாவுக்குச் சந்தேகம் தீர்ந்தது. இது சுருக்கம் இல்லை. இது வேலை, வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வந்து செய்கிற வேலை.

"அந்தக் குரல்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறதா? பிள்ளையோடு குதிக்க வேண்டும் என்று?" டொக்டரின் குரல் தாழ்ந்திருந்தது. மேசையில் குனிந்து ரூபிகாவின் முகத்தையே பார்த்தார்.

ஜனா மனைவியின் தோளில் மெல்லக் கையை வைத்தான். "ஆகிலைப் பாக்கோணும் எண்டு ஆசையா இருக்கோ எண்டு கேக்கிறா."

அவ்வளவுதான். ரூபிகாவின் கண் உடைந்துவிட்டது. "ஓம்" என்று தலையாட்டினாள். "ஓம், ஓம்" என்று திரும்பத் திரும்ப, கழுத்து நோகும்படி ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டு எழுந்தார். "இன்றைக்கே வார்டில் சேர்க்க வேண்டும். கட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்று வெளியே போனார். போகும்போது ஜெனிட்டாவைப் பார்த்து, கவனித்துக்கொள் என்பதுபோல் தலையசைத்தார்.

அறையில் மூன்று பேர். கதவு சாத்தியதும் ஜனா நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. பேச்சு மட்டும் மாறியது.

"கேள். இப்ப ஒரு பேப்பர் கொண்டு வருவா. சத்தம் போடாமல் அவையோட போ. ரண்டு கிழமை. கத்திக் குழறினியோ, ஆகிலின்ரை முகத்தை இனி நீ கனவிலதான் பாப்பாய்."

"என்ன சொன்னனீங்கள் அவவுக்கு?" ரூபிகாவின் குரல் கிசுகிசுத்தது. "ஏன் அவ என்னை அப்பிடிப் பாத்தவ? நான் பிள்ளையைப் பாக்கோணும் எண்டுதானே சொன்னனான்?"

"அதைத்தான் சொன்னனான்."

அவனுடைய போன் அதிர்ந்தது. எடுத்தான். மூலையில் இருக்கிற மீகமுவக்காரியை ஒரு தரம் பார்த்தான், அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் போல அங்கே இருந்தாள். தாராளமாகவே பேசினான். "ஓமக்கா, முடிஞ்சுது. இண்டைக்கே அட்மிட் பண்ணுகினம். தாய்க்குச் சுகமில்லை எண்டு டொக்டரின்ரை கடிதம் கையில வந்தால் காணும், மிச்சத்தை லோயர் பாப்பார். நீங்கள் ஆகிலின்ரை ஸ்பொன்சர் அலுவலைப் பாருங்கோ. லண்டனுக்கு வந்திட்டானெண்டால் பிறகு இவள் என்னத்தைச் செய்யிறது."

ஜெனிட்டா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பி வெளியே ஓடி டொக்டரிடம் சொல்லிவிடலாம். ஆனால் என்ன சொல்வது? எப்படித் தெரியும் என்று கேட்டால்? அந்தச் சின்ன அறைக்குள், வெள்ளை வெயில் அடிக்கிற முற்பகல் பத்து மணிக்கு, அவளும் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தாள். அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அப்போது ரூபிகா அவள் பக்கம் திரும்பினாள்.

"மிஸ்," என்றாள். தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தையும் திரட்டிக்கொண்டு, "ப்ளீஸ். ஐ நோ மேட். ஹீ... டெல் ரோங். ப்ளீஸ் மிஸ்" என்றாள். இரண்டு கையையும் கும்பிடுவதுபோல் நீட்டினாள்.

ஜனா செல்லமாகச் சிரித்தான். ஜெனிட்டாவிடம் சிங்களத்தில், "மன்னிக்க வேண்டும் தங்கச்சி. இப்படித்தான் காண்கிறவர்களை எல்லாம் பிடித்துக்கொள்வாள்" என்றான்.

ஜெனிட்டா சிரித்தாள். சட்டத்துக்கு உட்பட்ட சிரிப்பு அது. எந்தப் பக்கமும் சாயாத, பல் தெரியாத, பயிற்சி மாணவியின் சிரிப்பு. அதைப் பார்த்ததும் ரூபிகாவின் கைகள் மடியில் விழுந்துவிட்டன.

கதவு திறந்தது. டொக்டர் ஒரு தாளோடு வந்தார். "கட்டில் இருக்கிறது. கணவர் இங்கே கையெழுத்துப் போட வேண்டும்." ஜனா சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பேனையையே எடுத்தான். வாசலில் இரண்டு தாதிகள் வந்து நின்றார்கள். ரூபிகா தாதிகளைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பிள்ளை இல்லை என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தானாகவே எழுந்து நின்றாள்.

அந்த ஒழுங்கான, கீழ்ப்படிந்த எழும்பலை ஜெனிட்டாவால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால்கூடச் சும்மா இருந்திருப்பாளோ என்னவோ.

"டொக்டர்," என்றாள்.

அறை முழுக்கத் திரும்பியது. டொக்டரின் புருவம் ஏறியது. பர்ஹாவை அனுப்புவதற்கு முன்னும் அந்தப் புருவம் இப்படித்தான் ஏறியிருக்கும்.

"டொக்டர், மம தெமள." நான் தமிழ். கொழும்பில் இருபத்திரண்டு வருடம் வளர்ந்தவள், வீட்டுக்கு வெளியே அந்த இரண்டு சொல்லை அன்றுதான் முதன்முதலாகச் சேர்த்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும் எதுவும் இடிந்து விழவில்லை. ஆகவே மிச்சத்தையும் சொன்னாள். "எனக்கு எல்லாம் விளங்கியது. குரல் கேட்கிறது என்று ரூபிகா சொல்லவேயில்லை. கணவர் தன்னைப் பூட்டி வைக்கிறார் என்றுதான் சொன்னார். மூன்று மாதம் என்றது நித்திரை இல்லாததைப் பற்றி. கடைசியாகத் தலையாட்டியது, பிள்ளையைப் பார்க்க ஆசையா என்று கேட்டதற்கு."

ஜனாவின் பேனை தாளுக்கு மேல் அப்படியே நின்றது. ஆள் கெட்டிக்காரன், உடனே சுதாரித்துக்கொண்டான். "டொக்டர், இந்தப் பிள்ளை மீகமுவ என்று என்னிடம் சொன்னது. பொய் சொல்கிற பிள்ளை. கேட்டுப் பாருங்கள்."

"சொன்னேன்," என்றாள் ஜெனிட்டா. "அது பொய்தான். நான் கொட்டாஞ்சேனை. மீகமுவ என்று நம்பியதால்தான் இவர் எனக்கு முன்னாலேயே எல்லாம் பேசினார். நீங்கள் வெளியே போனபோது தன் அக்காவோடு போனில் பேசினார். உங்களுடைய கடிதத்தை லோயரிடம் கொடுத்துப் பிள்ளையை லண்டனுக்கு அனுப்பப் போகிறாராம்."

டொக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு நோய் இல்லை என்கிறாயா?"

ஜெனிட்டாவுக்கு ஆமாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. அப்படிச் சொன்னால் எல்லாம் சுலபமாகிவிடும்.

"தெரியாது டொக்டர். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நீங்கள் இன்னும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரும் உங்களுக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை."

டொக்டரின் முகம் சிவந்தது. வாசலில் நின்ற தாதிகள் தரையைப் பார்த்தார்கள். ஜெனிட்டா தன் பையை எங்கே வைத்தேன் என்று யோசித்தாள்.

டொக்டர் கையை நீட்டி, ஜனாவின் பேனைக்கு அடியிலிருந்த தாளை உருவி எடுத்தார். "நீங்கள் வெளியே இருங்கள்" என்றார் அவனிடம்.

"நான் இவளுடைய கணவன். எனக்கு உரிமை..."

"வெளியே இருங்கள் என்றேன்."

அவன் எழுந்தான். போகிறபோக்கில் ஜெனிட்டாவின் பக்கம் குனிந்து, "உன்னைப் பிறகு பாத்துக்கொள்ளுறன்" என்று தமிழில் சொன்னான். அவள் அதையும் அப்படியே சிங்களத்தில் டொக்டருக்குச் சொன்னாள். அவன் விறுவிறென்று வெளியேறினான். தாதி கதவைச் சாத்தினாள்.

"நாற்காலியை இங்கே கொண்டுவா" என்றார் டொக்டர். மூலை நாற்காலி மேசையடிக்கு வந்தது. "நான் கேட்பதை அப்படியே கேள். அவர் சொல்வதை அப்படியே சொல். ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே. உன்னுடைய விஷயத்தைப் பிறகு பேசுவோம்."

இவ்வளவும் சிங்களத்தில் நடந்தது. ரூபிகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவன் வெளியே போனதும் மூலையில் இருந்த பெண் கிட்ட வந்ததும் மட்டும்தான் தெரிந்தது. பயந்துபோய் இன்னும் நின்றுகொண்டேயிருந்தாள்.

"அக்கா, இருங்க" என்றாள் ஜெனிட்டா, வீட்டுத் தமிழில். "பயப்படாதீங்க. உங்கட வீட்டுக்காரர் நீங்க சொன்னத மாத்தித்தான் டொக்டர்கிட்ட சொன்னார். நான் அத டொக்டருக்குச் சொல்லிட்டன். இனி நீங்க சொல்றத நான் அப்பிடியே சொல்றன்."

ரூபிகா இருக்கவில்லை. தமிழைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே அது போயிற்று. ஜெனிட்டாவின் முகத்தை, வாயை, சட்டையிலிருந்த பேர் அட்டையை மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் தமிழோ?" என்றாள். "அப்ப, தொடக்கத்திலயிருந்து எல்லாம் விளங்கிக்கொண்டுதான் இருந்தனீங்களோ? அந்தாள் பிள்ளையைக் காட்டமாட்டன் எண்டு சொன்னது, நான் உங்களைக் கும்பிட்டது, எல்லாம்? விளங்கிக்கொண்டு என்னைப் பாத்துச் சிரிச்சனீங்கள், என்ன?"

ஜெனிட்டா குனிந்து தன் பேர் அட்டையைப் பார்த்தாள்.

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் கேட்டார்.

மாற்றிச் சொல்லலாம். நன்றி சொல்கிறார் என்று சொல்லலாம். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான், கேட்க ஆளில்லை. சற்று முன்னால் ஜனா இருந்த இடம் இதுதான் என்று அவளுக்கு உறைத்தது.

"தொடக்கத்திலிருந்து எல்லாம் உனக்கு விளங்கியதா என்று கேட்கிறார்," என்றாள் சிங்களத்தில். "பிள்ளையைக் காட்டமாட்டேன் என்று கணவர் மிரட்டியதும், தான் என்னைக் கும்பிட்டதும் விளங்கியதா என்று கேட்கிறார். விளங்கிக்கொண்டு தன்னைப் பார்த்துச் சிரித்தாயா என்று கேட்கிறார்."

டொக்டர் அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஓமக்கா," என்றாள் ஜெனிட்டா ரூபிகாவிடம். "எல்லாம் விளங்கினது. சிரிச்சன்."

அந்தப் பதிலையும் சிங்களத்தில் டொக்டருக்குச் சொன்னாள். ரூபிகா அவளை வெகுநேரம் பார்த்தாள். மன்னித்த பார்வை இல்லை அது. பிறகு நாற்காலியை இழுத்து, டொக்டருக்கு நேரே அமர்ந்தாள்.

"அப்ப எழுதச் சொல்லுங்கோ," என்றாள். "திரும்ப முதலிலயிருந்து சொல்லுறன்."